தலைவரின் கணையம்

சுஹைபின் முகம்தான் அந்த ஆய்வுப் பிரிவின் மிகச் சிறந்த கருவி என்று பேராசிரியர் ருக்ஸானா ஒருமுறை சொன்னார். பாராட்டாகத்தான் சொன்னார். அந்த முகத்தில் வியப்பு தெரியாது, அருவருப்பு தெரியாது, இரக்கம் சுத்தமாகத் தெரியாது. அப்படிப்பட்ட முகத்திடம் நோயாளிகள் உண்மையைச் சொல்லிவிடுவார்கள் என்பது அவர் நம்பிக்கை.

முகம் அப்படி ஆனது போன வருடம். வேலைக்குப் போகிற வழியில், ரயில் மேடையில், அவன் மனைவி ஆஸ்மா மூளையில் ரத்தம் கசிந்து விழுந்தாள். துக்கம் கேட்க வந்தவர்கள் எல்லாரும், "முதல் நாள் என்ன சாப்பிட்டா?" என்று கேட்டார்கள். நாற்பதாம் நாள் கழிந்ததும் அதே ஆட்கள் அவனுக்குப் பெண் பார்க்கத் தொடங்கினார்கள். சுஹைப் இரண்டுக்கும் ஒரே முகத்தைக் காட்டினான். வேலைக்கு ஒழுங்காக வந்தான். வீட்டுக்குப் போனால் தொலைக்காட்சியைச் சத்தம் குறைத்து வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அவன் வேலை, மருத்துவமனையில் நடந்த ஓர் ஆய்வுக்கு ஆள் சேர்ப்பது. இனிப்புநீர், அதாவது நீரிழிவு, இல்லாத ஒருவருக்குக் காரணமே இல்லாமல் ரத்தத்தில் சர்க்கரை இறங்கி மயக்கம் வந்தால், உள்ளே போன நஞ்சு எது, அதை எப்படிச் சீக்கிரம் கண்டுபிடிப்பது, எப்படி முறிப்பது என்பதுதான் ஆய்வு. பேராசிரியர் வெளிநாட்டு மாநாடுகளில் அதைப் பற்றி அழகாகப் பேசுவார். ஒரே ஒரு குறை. ஆய்வில் இதுவரை ஒரு நோயாளிகூடச் சேரவில்லை. மயங்கி வருகிறவர்கள் கண் விழித்ததும் "நான் ஒண்ணும் சாப்பிடல" என்பார்கள். சர்க்கரைத் தண்ணீர் ஏற்றி வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். வருடக் கடைசியில் ஆய்வை மூடிவிடலாம் என்று மேலிடம் நினைத்திருந்தது.

அந்த நேரத்தில்தான் பாலகிருஷ்ணன் மூன்றாவது தடவையாக விழுந்தார்.

சிராங்கூன் ரோட்டுப் பக்கம் அவரைத் தெரியாதவர்கள் குறைவு. மருந்தில்லா நல்வாழ்வுக் கழகத்தின் தலைவர். எழுபதைத் தாண்டியும் முதுகு வளையாதவர். சனிக்கிழமை காலைகளில் சமூக மன்றத்தில் பேசுவார். மாத்திரை என்பது மனிதன் தன் உடம்பிடம் கொடுக்கும் ராஜினாமாக் கடிதம் என்பார். கைதட்டல் கூரையைத் தொடும். தட்டி முடித்த உறுப்பினர்கள் ஒவ்வொருவராகக் கழிப்பறைக்குப் போய், அரசாங்க பாலிகிளினிக்கில் கொடுத்த ரத்த அழுத்த மாத்திரையை விழுங்கிவிட்டு வந்து உட்காருவார்கள். தலைவர் மட்டும் போக மாட்டார். அவருக்கு வியாதியே கிடையாது. மனைவி அன்னம்மா தினமும் அடித்துத் தரும் பாகற்காய்ச் சாறுதான் அவருக்கு எல்லாம். அன்னம்மாவுக்கே இனிப்புநீர் இருந்தது, அவர் மாத்திரை சாப்பிட்டு வந்தார். கழகம் பெருந்தன்மையாக அதைப் பற்றிப் பேசுவதில்லை.

முதல் இரண்டு தடவையும் வீட்டில் விழுந்தார். மூன்றாம் தடவை மேடையில், "என்னைப் பாருங்கள்" என்று சொன்ன இடத்தில் விழுந்தார். மூன்றும் சனிக்கிழமைக் காலை. பேச்சின் பளு என்று கழகம் முடிவு செய்தது.

வார்டில் அவர் கட்டிலைச் சுற்றி எந்நேரமும் ஆள் நின்றது. தலைவரை ஒரு நிமிடம்கூடத் தனியாக விடக்கூடாது என்று துணைத்தலைவர் அப்துல் காதர் முறை போட்டு ஆள் அனுப்பிக்கொண்டிருந்தார். டன்லப் தெருவில் துணிக்கடை நடத்தி ஓய்வு பெற்றவர். எதையும் கிழித்துப் பார்த்துத்தான் நம்புவார். தலைவரை மட்டும் அப்படியே நம்பினார்.

"அங்கிள், மயக்கம் வர்றதுக்கு முன்னாடி ஏதாவது மாத்திரை..." என்று சுஹைப் ஆரம்பித்தான்.

"யாரப் பாத்து என்ன கேக்குற தம்பி?" கால்மாட்டிலிருந்து அப்துல் காதர் பாய்ந்தார். "தலைவரு தலைவலிக்குக்கூட மாத்திரை தொட்டதில்ல லா!"

"தைலம்கூடத் தடவ மாட்டாரு," என்றார் ஜன்னலோரம் நின்றவர்.

"அவரே சொல்லட்டுமே."

"நாங்க சொன்னா என்ன, அவரு சொன்னா என்ன?"

பாலகிருஷ்ணன் கையில் ஏறிக்கொண்டிருந்த சர்க்கரைத் தண்ணீரைப் பார்த்தபடி கம்பீரமாகத் தலையசைத்தார். சுஹைப் விடவில்லை. நாட்டு மருந்து? அடுத்தவர் மருந்து? வெளியில் வாங்கியது? ஒவ்வொன்றுக்கும் சுற்றி நின்றவர்கள் சேர்ந்து "இல்லை" என்றார்கள். பஜனையில் பின்பாட்டுப் பாடுவது போல இருந்தது. சுஹைப் நன்றி சொல்லிவிட்டு வந்தான்.

பேராசிரியர் அறையில் அறுவை நிபுணர் டாக்டர் பிரேம் உட்கார்ந்திருந்தார். மேசைமேல் ஸ்கேன் படம். பாலகிருஷ்ணனின் கணையம் அளவுக்கு மீறி இன்சுலின் சுரக்கிறது என்பது ரத்தச் சோதனையில் தெரிந்திருந்தது. அதற்குக் காரணம் இரண்டுதான். ஒன்று, கணையத்தில் சின்னக் கட்டி. இன்னொன்று, கணையத்தை விரட்டி வேலை வாங்கும் இனிப்புநீர் மாத்திரை. போன தடவை மாத்திரைக்குச் சோதனை செய்ததில் ஒன்றும் அகப்படவில்லை. ஆய்வகத்துக் கருவி தன்னிடம் பெயர் சொல்லப்பட்ட மருந்துகளை மட்டுமே தேடும். பெயர் சொல்லாதது எதிரே வந்தாலும் கண்டுகொள்ளாமல் போய்விடும். அந்த விஷயத்தில் அதுவும் ஒரு கழக உறுப்பினர்தான்.

"இங்க பாருங்க, ஒரு நிழல்." பிரேம் படத்தில் விரல் வைத்தார். அந்தக் கட்டி மிக அபூர்வமானது. அவர் அதுவரை ஒன்றைக்கூட வெட்டியதில்லை. முகத்தில் மாப்பிள்ளைக் களை வந்திருந்தது. "செவ்வாய்க்கிழமை ஆபரேஷன் தியேட்டர் ஃப்ரீயா இருக்கு. ஃபேமிலியும் ஓகே சொல்லிட்டாங்க."

அவர் போனதும் பேராசிரியர் கதவைச் சாத்தினார்.

"அது நிழலா, இவரோட ஆசையான்னு எனக்குத் தெரியல. எழுபது வயசுக்காரர் கணையத்துல கத்தி வெச்சா, எழுந்திருக்காமலே போயிடலாம். எழுந்தா அப்புறம் நெஜமாவே இனிப்புநீர் வரும். அவரு எதையோ முழுங்கியிருக்காரு, சுஹைப். எதுன்னு செவ்வாய்க்கு முன்னாடி எனக்குத் தெரியணும்." கொஞ்சம் நிறுத்தி, "நம்ம முதல் கேஸ்," என்றார். அவர் குரலிலும் ஒரு கல்யாணக் களை இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மதியம் கழகத்தார் திரளாக வந்தார்கள். தலைவருடன் ஒரு படம் எடுத்து வாட்ஸ்ஆப்பில் போட வேண்டும். வார்டில் படம் எடுக்கக்கூடாது என்று தாதி சொல்லிவிட்டார். கொஞ்ச நேரம் வாதாடிவிட்டு, "தலைவருடன் நாங்கள்" என்ற படத்தைத் தலைவர் இல்லாமலே எடுப்பதற்காக எல்லாரும் கீழே நீரூற்றுக்குப் போனார்கள். நடுவில் நிற்க அன்னம்மாவையும் கூட்டிப் போனார்கள். பாலகிருஷ்ணன் முதல்முறையாகத் தனியாக இருந்தார்.

சுஹைப் உள்ளே வந்தான்.

"உக்காரு தம்பி. எப்பவும் நின்னுகிட்டே இருக்க. கல்யாணம் ஆயிடுச்சா?"

"ஆச்சு அங்கிள். போன வருஷம் மௌத்தாயிட்டா."

"அடடா. என்ன ஆச்சு?"

"மூளையில ரத்தக் கசிவு."

"மொத நாள் என்ன சாப்..." பாலகிருஷ்ணன் பாதியில் நிறுத்திக்கொண்டார். அப்படி நிறுத்திய முதல் ஆள் அவர்தான். "வீட்ல வேற பொண்ணு பாக்குறாங்களா?"

"உம்மா பாக்குறாங்க. எனக்குத்தான் ஒண்ணும் தோணல. பசி தெரியறதில்ல. கோவம் வர்றதில்ல. எல்லாம் மரத்துப்போன மாதிரி."

இதை சுஹைப் யாரிடமும் சொன்னதில்லை. ஏன் இப்போது சொன்னான் என்று அவனுக்கே தெரியவில்லை. கேட்டவர் படுத்திருந்தது காரணமாக இருக்கலாம்.

பாலகிருஷ்ணன் அவனை உற்றுப் பார்த்தார். குரலைத் தாழ்த்தினார்.

"எல்லாம்னா... எல்லாமா?"

"எல்லாம்தான் அங்கிள்."

கிழவருக்கு மனம் கேட்கவில்லை. கதவைப் பார்த்தார். தலையணைக்கடியிலிருந்து மூக்குக்கண்ணாடிக் கூட்டை எடுத்தார். துடைக்கும் துணியை விலக்கினார். அதன் அடியில் ஒரு சின்னத் தகடு, அதில் பழுப்பு நிறத்தில் இரண்டு மாத்திரை. தகட்டின் முதுகில் பாயும் சிங்கம்.

"வெச்சுக்கோ."

"என்ன இது?"

"மூலிகை. மருந்து கெடையாது, புரிஞ்சுதா? சுத்த மூலிகை. கேலாங் பக்கம் ஒருத்தன் தள்ளுவண்டியில விக்கிறான். எனக்கே, இந்த வயசுல..." மிச்சத்தைப் புருவத்தால் சொன்னார். "நீ சின்னப் பையன். பாதி போட்டாலே போதும். உம்மா காட்டுற பொண்ணுக்குத் தைரியமா சரின்னு சொல்லு."

சுஹைபின் முகம் தன் வேலையைச் சரியாகச் செய்தது.

"வெள்ளிக்கிழமை ராத்திரியில போடுவீங்களா அங்கிள்?"

"ஆமா. உனக்கு எப்படி..."

பாலகிருஷ்ணன் வாய் அப்படியே நின்றது. ஒரு பெரிய மருத்துவமனையின் எல்லாக் கருவிகளிடமும் தப்பித்தவர், ஒரு பையனின் மேல் இரக்கப்பட்டு மாட்டிக்கொண்டார்.

"அங்கிள், இந்த மாதிரி மாத்திரையில இனிப்புநீர் மருந்து கலந்துடுறாங்க. நாங்க தேடுறது இதத்தான். டாக்டர்கிட்ட சொல்லிட்டா போதும். வயித்த வெட்ட வேணாம்."

"முடியாது."

"உயிரே போகலாம் அங்கிள்."

"போனா, கட்டி வந்து செத்தாருன்னு சொல்லுவாங்க. பொழச்சா தழும்பு இருக்கும். தழும்ப மேடையில சட்டையத் தூக்கிக் காட்டலாம் தம்பி. இத எப்படிக் காட்டுறது?" அவர் கண் கலங்கியிருந்தது. "என் பேரு வெளிய வரக்கூடாது. அன்னத்துக்குத் தெரியவே கூடாது. சொல்ல மாட்டேன்னு சொல்லு."

"சொல்ல மாட்டேன். இந்த மாத்திரை எனக்குத்தானே குடுத்தீங்க?"

"உனக்குத்தான்."

"அப்ப இது என்னோடது."

நேராகப் பேராசிரியரிடம் போய்த் தகட்டை மேசைமேல் வைத்தான். "இதுல என்ன இருக்குன்னு பாக்கணும். ஒருத்தர் எனக்குக் குடுத்தாரு."

"யாரு?"

"சொல்ல மாட்டேன்னு வாக்கு குடுத்திருக்கேன்."

பேராசிரியர் சிங்கத்தைப் பார்த்தார். சுஹைபைப் பார்த்தார். "உனக்கு எதுக்கு இது?"

"எனக்குப் பொண்டாட்டி இல்லன்னு."

அவர் அதற்கு மேல் கேட்கவில்லை. அவன் விரலைப் பிடித்துக் குத்தி ஒரு சொட்டு ரத்தம் எடுத்துச் சர்க்கரை பார்த்தார். சரியாக இருந்தது. "நீ சாப்பிடல," என்றார். அதில் துளி ஏமாற்றம் இருந்ததாக சுஹைபுக்குப் பட்டது.

திங்கட்கிழமை முடிவு வந்தது. மாத்திரையில் மூலிகை என்று சொல்ல ஒரு தழைகூட இல்லை. ஆண்மை மருந்து இருந்தது. அதோடு, இப்போது யாரும் அதிகம் எழுதிக் கொடுக்காத ஒரு பழைய இனிப்புநீர் மருந்து, ஓர் ஆளைக் குப்புறத் தள்ளும் அளவுக்கு இருந்தது. எது எந்த மாவு என்று பார்க்காமல் கலந்திருக்கிறார்கள். அந்தப் பெயரைச் சொல்லித் தேடச் சொன்னதும், பாலகிருஷ்ணன் ரத்தத்திலும் கருவி அதைக் கண்டுபிடித்துக் கொடுத்தது. கணையத்தை அடக்கும் ஊசி போட்டார்கள். சர்க்கரை இறங்குவது நின்றது. டாக்டர் பிரேம் ஸ்கேன் படத்தை இன்னொரு தடவை பார்த்து, நிழல் நிழல்தான் என்று ஒப்புக்கொண்டார். அன்று முழுக்க யாரோடும் பேசவில்லை.

சாயங்காலம் பேராசிரியரும் சுஹைபும் வார்டுக்குப் போனார்கள். கட்டிலைச் சுற்றி வழக்கம்போலக் கூட்டம்.

"கொஞ்சம் தனியாப் பேசணும்," என்றார் பேராசிரியர்.

யாரும் நகரவில்லை. "நமக்குள்ள ஒளிவு மறைவு கெடையாது டாக்டர்," என்றார் பாலகிருஷ்ணன். நாற்பது வருட மேடைப் பழக்கம் அவரை முந்திக்கொண்டு பேசிவிட்டது. "எல்லாரும் இருக்கட்டும்."

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

"இதுல யோசிக்க என்ன இருக்கு?"

"சரி. கட்டி எதுவும் இல்ல. ஆபரேஷன் வேணாம். உங்க ரத்தத்துல பழைய வகை இனிப்புநீர் மருந்து ஒண்ணு இருக்கு. அதுதான் மயக்கத்துக்குக் காரணம்."

பாலகிருஷ்ணன் சுஹைபைப் பார்த்தார். சுஹைப் தரையைப் பார்த்தான்.

"அது எப்படி உள்ள போச்சு?" என்றார் அப்துல் காதர்.

"அது இவருக்குத்தான் தெரியும்."

"எனக்குத் தெரியாது," என்றார் பாலகிருஷ்ணன்.

அப்துல் காதர் விரல் மடக்கி யோசித்தார். "தலைவரு வெளிய கைநனைக்க மாட்டாரு. எல்லாம் வீட்டுச் சாப்பாடு. வீட்ல இனிப்புநீர் மருந்து யாருகிட்ட இருக்கு?" மெதுவாகத் திரும்பினார். எல்லாரும் திரும்பினார்கள். அன்னம்மா கையில் மூடி போட்ட பிளாஸ்க் இருந்தது. உள்ளே அன்றைய பாகற்காய்ச் சாறு.

"அவங்க சாப்பிடுறது வேற மாத்திரை. அது இப்படிப் பண்ணாது," என்றார் பேராசிரியர். யார் காதிலும் விழவில்லை.

"வேணும்னு பண்ணியிருக்க மாட்டாங்க," என்றார் ஒருவர்.

"வயசாச்சு. மறதி."

"அந்தச் சாற டெஸ்ட் பண்ணச் சொல்லுங்க லா."

யாரோ பிளாஸ்க்கை வாங்கக் கை நீட்டினார்கள். அன்னம்மா அதை மார்போடு அணைத்துக்கொண்டார்.

"நானா? நான் எப்படிங்க..." கணவரைப் பார்த்தார். "என்னங்க, நானா கலந்துட்டேன்? போன மாசம் அடுப்ப அணைக்காம கோயிலுக்குப் போயிட்டேன். சாவியத் தேடுறேன், அது கையிலயே இருக்கு. மாத்திரையும் மிக்ஸியும் ஒரே மேடையிலதான் இருக்கு. நான்தான் போட்டுட்டேனா?"

பாலகிருஷ்ணன் ஜன்னலைப் பார்த்தார். அவர் பெயர் காப்பாற்றப்பட்டுவிட்டது. கத்தியும் இல்லை, தழும்பும் இல்லை. இன்னும் கொஞ்ச நேரம் சும்மா இருந்தால் போதும்.

சுஹைப் குனிந்து சொட்டுக் குழாயைச் சரிசெய்வது போல அவர் காதருகே போனான்.

"அங்கிள், ஆன்ட்டி அத நம்பிட்டாங்க."

அவ்வளவுதான் சொன்னான். நிமிர்ந்துகொண்டான்.

பாலகிருஷ்ணன் மனைவியைப் பார்த்தார். அன்னம்மா பிளாஸ்க்கைத் திறந்து சாற்றை முகர்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"மூடு அன்னம்," என்றார். "சாறுல ஒண்ணும் இல்ல. நான்தான் சாப்பிட்டேன். மாத்திரை."

"தலைவரே!" என்றார் அப்துல் காதர்.

"கேலாங்ல வாங்கினேன். ஆம்பளைங்க மாத்திரை." மேடைக்கே உரிய குரல், எல்லா மூலைக்கும் கேட்டது. எதிர்க் கட்டில் சீனக் கிழவர்கூடத் திரும்பிப் பார்த்தார். "ஒவ்வொரு தடவையும் வெள்ளிக்கிழமை ராத்திரி போட்டேன்."

அன்னம்மாவின் முகம் மாறியது. பயம் போய் வேறொன்று வந்தது.

"யாருக்காக?"

"யாருக்காகவா? உனக்காகத்தான்!"

"நான்தான் ஒம்பது மணிக்கே தூங்கிடுவேனே!"

"அதான் தெரியுதுல்ல! மாத்திரையப் போட்டுட்டு வந்து பாத்தா நீ கொறட்ட விடுற. எழுப்ப மனசு வரல. அப்புறம் நான் என்ன பண்றது? ஹால்ல உக்காந்து சத்தத்தக் கொறச்சு வெச்சு டிவி பாத்துக்கிட்டு இருந்தேன்."

முதலில் சிரித்தது தாதி. பேராசிரியர் முகத்தைத் திருப்பிக்கொண்டார், தோள் குலுங்கியது. அன்னம்மா சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டார். அழுகிறாரா சிரிக்கிறாரா என்று தெரியவில்லை. "மூணு தடவையுமா?" என்று தலைப்புக்குள்ளிருந்து கேட்டார்.

"மூணு தடவையும்."

கழகத்தார் மட்டும் சிரிக்கவில்லை. ஒருவர்கூட. அத்தனை பேரும் ஒரே நேரத்தில் தங்கள் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பாலகிருஷ்ணன் ஆய்வின் முதல் நோயாளியாகச் சேர்ந்தார். சுஹைப் வெளியே வந்தபோது நடைபாதையில் அப்துல் காதர் காத்திருந்தார்.

"தம்பி, ஒரு நிமிஷம். எனக்கில்ல, ஒரு ஃப்ரெண்டுக்காகக் கேக்குறேன்." பர்ஸைத் திறந்தார். அடையாள அட்டைக்குப் பின்னாலிருந்து ஒரு தகடு வந்தது. பாயும் சிங்கம். "இதுவும் அதுதானான்னு பாத்துச் சொல்லு. அவருக்கும் சனிக்கிழமை காலையில கொஞ்சம் கிறுகிறுன்னு வருதாம்."

"உங்க ஃப்ரெண்ட இங்க கூட்டிட்டு வந்தா ரத்தம் எடுத்துப் பாக்கலாம் அங்கிள்."

"அவரு வர மாட்டாரு. நான் வேணா அவருக்குப் பதிலா வர்றேன்."

லிஃப்ட்டுக்கு அருகில் ஜன்னலோரத்துக்காரர் நின்றார். அவருக்கும் ஒரு நண்பர். கார் நிறுத்துமிடத்தில் பொருளாளர். பேருந்து நிறுத்தம் வரை வந்து கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டுப் போனார் கழகத்தின் ஆலோசகர். கையைத் திறந்து பார்த்தால் அதில் சிங்கம். சுஹைப் பேராசிரியருக்குத் தொலைபேசியில் சொன்னான்.

"எத்தன பேரு?" அவர் குரல் கீச்சிட்டது.

"கழகம் முழுக்க வரும் போல இருக்கு டாக்டர். எல்லாருக்கும் ஒரே ஃப்ரெண்டுதான்."

சுவா சூ காங் நிறுத்தத்தில் இறங்கி வீட்டுக்குப் போனான். உம்மா அனுப்பிய ஒரு பெண்ணின் படம் கைப்பேசியில் வந்திருந்தது. பார்க்கவில்லை. சோபாவில் உட்கார்ந்து தொலைக்காட்சியைப் போட்டான். சத்தத்தைக் குறைத்தான். கல்யாணமாகி வந்த நாளிலிருந்தே ஆஸ்மா சீக்கிரம் தூங்கிவிடுவாள். அப்போது பழகியது.

திரையில் யாரோ வாயசைத்துக்கொண்டிருந்தார்கள். பாலகிருஷ்ணன் ஞாபகம் வந்தது. உள்ளே மனைவி குறட்டை விட, மாத்திரையைப் போட்டுவிட்டுக் கிழவர் ஹாலில் முதுகு வளையாமல் உட்கார்ந்து, ரிமோட்டைப் பிடித்தபடி, சத்தத்தை ஒவ்வொரு கோடாகக் குறைத்துக்கொண்டு...

சுஹைப் வாய்விட்டுச் சிரித்தான். சத்தமாகவே வந்துவிட்டது. சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டு, யாராவது விழித்துவிட்டார்களா என்று படுக்கையறைக் கதவைப் பார்த்தான்.